மாலிக் அம்பரின் முகம்: மூன்று சிற்றோவியங்கள், ஒரு டச்சுக்காரரின் குறிப்பு, மிச்சமெல்லாம் நிரப்பல்

கணினியில் ஒரு முகத்துக்கு உயிர் கொடுப்பது இன்று பெரிய வேலையில்லை. தோலில் துளைகள், கண்ணில் ஈரம், தாடியில் நரை எல்லாம் சில நிமிடங்களில் வந்துவிடும். அந்த முகம் யாருடையது என்பதில்தான் சிக்கல். பெயர் மட்டும் கொடுத்துப் படம் கேட்டால், கருவி தனக்குத் தெரிந்த ஆயிரம் முகங்களின் சராசரியை எடுத்து, தலைப்பாகை கட்டி அனுப்பிவிடும். வரலாற்றில் ஓரங்கட்டப்பட்ட ஆப்பிரிக்கர்களுக்கு இது இரட்டைச் சேதம். முதலில் பெயர் மறைந்தது, இப்போது முகமும் வேறு யாருடையதோ ஆகிவிடுகிறது.

இந்த ஆய்வுக்கு மாலிக் அம்பரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சுமார் 1548இல் எத்தியோப்பியாவில் பிறந்தவர். அடிமையாக விற்கப்பட்டு, அரேபியா, பாக்தாத் வழியாகப் பல கைமாறித் தக்காணம் வந்தார். அவரை வாங்கியவர் அகமதுநகர் அரசின் அமைச்சர் செங்கிஸ் கான். அவரும் ஹப்ஷி, அதாவது அபிசீனிய வழியினர். எஜமானர் இறந்தபின் விடுதலை பெற்ற அம்பர் சிறு படை திரட்டினார். 1600இல் முகலாயர் அகமதுநகர்க் கோட்டையைப் பிடித்த பிறகு, நிஜாம் ஷாஹி வம்சத்து இளவரசர் ஒருவரை அரியணையில் அமர்த்தி, கால் நூற்றாண்டுக் காலம் நாட்டை உண்மையில் நடத்தியவர் அவரே. 1610இல் அவர் நிறுவிய கட்கி நகரம்தான் பின்னாளில் ஔரங்காபாத் ஆனது. 1626இல் இயற்கையாக இறந்தார், கல்லறை குல்தாபாத்தில் இருக்கிறது.

அவர் காலத்தை ஒட்டிய படங்கள் கிடைக்கின்றன, நேரில் கண்டவரின் எழுத்தும் கிடைக்கிறது. மண்டையோடு மட்டும் கையில் இல்லை. எனவே தடயவியல் முறையில் எலும்பின்மேல் தசை ஏற்ற முடியாது. எலும்பு இருந்தாலும் ஆபத்து நீங்காது என்பதற்கு இங்கிலாந்தின் 'பீச்சி ஹெட் பெண்' சாட்சி. ஈஸ்ட்போர்ன் நகர மண்டபத்துப் பெட்டியில் 2012இல் கவனத்துக்கு வந்த ரோமானியர் காலத்து எலும்புக்கூடு அது. மண்டையோட்டின் வடிவத்தை வைத்து அவர் சகாராவுக்குத் தெற்கிலிருந்து வந்தவர் என்றார்கள், அதன்படி முகமும் செய்தார்கள், நினைவுப் பலகையும் வைத்தார்கள். பிந்தைய மரபணு ஆய்வோ அவரைத் தெற்கு பிரிட்டன் வழியினர் என்று காட்டிவிட்டது. தோலின் நிறத்தை மண்டையோடு சொல்லாது.

சான்றுகளைத் தராசில் நிறுத்தல்

முதல் சான்று, லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள ஹாஷிமின் ஓவியம், சுமார் 1620. இரண்டாவது, பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ள தக்காணப் படம், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கம். மூன்றாவது, டப்ளின் செஸ்டர் பீட்டி தொகுப்பில் உள்ள அபுல் ஹசனின் ஓவியம், சுமார் 1616. அதில் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் உலக உருண்டைமேல் நின்றுகொண்டு, ஈட்டியில் செருகிய அம்பரின் தலைமேல் அம்பு விடுகிறார். இது நடக்கவே இல்லை. முகலாயரால் அம்பரைக் கடைசிவரை பிடிக்க முடியவில்லை. ஆற்றாமையை ஓவியன் கையால் தீர்த்துக்கொண்ட படம் அது.

நான்காவது சான்று எழுத்து. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகர் பீட்டர் வான் டென் ப்ரூக் 1617இல் அம்பரை நேரில் சந்தித்தார். அபிசீனிய நாட்டுக் கறுப்பர், கடுமையான ரோமானிய முகம், உயரமும் வலுவுமான உடல், அவருக்குப் பொருந்தாத வெண்மையான கண்ணாடிக் கண்கள் என்று குறித்து வைத்திருக்கிறார். (இந்த வணிகரை 1633இல் ஃப்ரான்ஸ் ஹால்ஸ் வரைந்த எண்ணெய் ஓவியம் லண்டன் கென்வுட் மாளிகையில் தொங்குகிறது. கன்னத்துச் சிவப்புவரை தெரியும். அவர் சந்திக்கப் போன ஆட்சியாளருக்கு அந்தப் பாக்கியம் இல்லை.)

மூன்று படங்கள் என்றதும் மூன்று சாட்சிகள் என்று எண்ணிவிடுகிறார்கள். இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் பிழை இதுதான். முகலாய ஓவியச்சாலையில் 'சர்பா' என்றொரு வழக்கம் இருந்தது. மெல்லிய மான்தோலை மூலப்படத்தின்மேல் வைத்துக் கோட்டைப் பிரதியெடுப்பார்கள், ஊசியால் துளையிடுவார்கள், கரித்தூள் மூட்டையால் தட்டுவார்கள். அடுத்த தாளில் அதே முகம் வந்துவிடும். ஒரே சர்பாவிலிருந்து ஐந்து படங்கள் பிறக்கலாம். ஹாஷிம் தக்காணத்திலிருந்து முகலாய ஓவியச்சாலைக்குப் போனவர் என்று கருதப்படுகிறது, அபுல் ஹசன் ஜஹாங்கீரின் சொந்த ஓவியர். ஆகவே லண்டன், டப்ளின் படங்கள் ஒத்துப்போனால் அதை ஒன்றரைச் சாட்சியாக எண்ணுங்கள், இரண்டாக வேண்டாம். பாஸ்டன் படம் தக்காணத்தில் பிறந்தது என்பதால் அதன் சொல்லுக்குத் தனி எடை உண்டு.

எந்த ஓவியமும் தொடாத தனிச்சாட்சி வான் டென் ப்ரூக்கின் வரி. 'ரோமானிய முகம்' என்று ஓர் ஐரோப்பியர் எழுதுவது எடுப்பான மூக்கையும் வெட்டெடுத்த பக்கத் தோற்றத்தையும் நினைத்துத்தான். படங்களும் அதையே காட்டுகின்றன. இப்படி எழுத்தும் ஓவியமும் தனித்தனியே வந்து ஒரே இடத்தில் சந்தித்தால் அந்த உறுப்புக்கு முதல் தரம்.

வேலையைத் தொடங்குமுன் ஒரு பட்டியல் போட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வரி, ஒரு தரம். எழுத்தும் ஓவியமும் ஒத்தால் 'அ'. தனித்த இரு படங்கள் ஒத்தால் 'ஆ'. ஒரே படத்தில் மட்டும் இருந்தால் 'இ'. எங்குமே இல்லாமல் நாமே நிரப்பினால் 'ஈ'. அம்பர் விஷயத்தில் மூக்கின் பக்கக்கோடு 'அ', உடல்கட்டும் 'அ'. நெற்றிச் சரிவு, தாடை நுனி 'ஆ'. முகத்தின் அகலம், கண்ணிடைத் தூரம், மூக்குத் துளைகளின் அகலம், இடவலப் பக்கங்களின் சிறு வேறுபாடு எல்லாமே 'ஈ'. காரணம் எளிது: பக்கவாட்டுப் படம் அகலம் சொல்லாது. நேருக்கு நேர் பார்க்கும் அம்பரின் முகத்தை எங்காவது கண்டால், அதில் பாதிக்கு மேல் நிரப்பல் என்று தெரிந்துகொண்டே பார்க்க வேண்டும். முக்கால் பார்வையில் படம் தருவது ஓரளவு நேர்மையான சமரசம்.

கோட்டிலிருந்து வடிவத்துக்கு

இணையத்தில் சுற்றும் சிறு படங்கள் உதவாது. அருங்காட்சியகத்தின் தளத்திலிருந்தோ படப்பிரிவில் கேட்டோ, முகம் மட்டுமே 600 பிக்சல் உயரமாவது வரும்படியான கோப்பு வேண்டும். சிற்றோவியத்தில் முகத்தின் உயரம் 2 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், உண்மை முகத்தோடு ஒப்பிட அது சுமார் ஒன்பதில் ஒரு பங்கு. 0.2 மி.மீ. தூரிகைக் கோடு நிஜ முகத்தில் 2 மி.மீ. தடிமன் ஆகிவிடுகிறது. எனவே மூக்கு நுனியை அரை மில்லிமீட்டர் துல்லியத்தில் அமைத்ததாக யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம். இங்கே எட்டக்கூடிய துல்லியம் 2 மி.மீ., அவ்வளவுதான்.

இங்க்ஸ்கேப் போன்ற வெக்டர் மென்பொருளில் பக்கக்கோட்டை மட்டும் தடம் எடுக்க வேண்டும். புருவ மேடு, மூக்கு வேர், மூக்கு நுனி, மூக்கடி, மேலுதடு, கீழுதடு, தாடை நுனி என்று ஏழு புள்ளிகள் போதும். உச்சந்தலை தலைப்பாகைக்குள் இருப்பதால் அங்கே புள்ளி வைக்காதீர்கள். மூன்று படங்களின் கோடுகளையும் மூக்கு வேரிலிருந்து தாடையடிவரை 120 மி.மீ. என்ற ஒரே அளவுக்குக் கொண்டுவந்து ஒன்றின்மேல் ஒன்றாக வையுங்கள். வயது வந்த ஆணுக்கு இது நடுத்தர அளவு. மூன்று கோடுகளும் சேர்ந்து ஒரு பட்டை போலத் தெரியும். அந்தப் பட்டைக்குள் விழும் எந்தக் கோடும் ஏற்கத்தக்கது, வெளியே போனால் தவறு.

அளவுகோலாகக் கண்ணை எடுப்பவர்கள் உண்டு. கருவிழியின் விட்டம் எல்லோருக்கும் ஏறத்தாழ 12 மி.மீ. என்பதால் புகைப்படங்களில் அது நல்ல உத்திதான். இந்தியச் சிற்றோவியத்தில் அது கைகொடுக்காது. பக்க முகத்திலும் கண்ணைப் பெரிதாக, நீளமாக எழுதும் மரபு இருந்ததால், கண்ணை வைத்து அளந்தால் தலையே சுருங்கிவிடும்.

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் நடுநிலையான ஓர் ஆண் தலை வடிவத்தை எடுத்து, பின்னணியில் இந்தப் பட்டையை வைத்துச் செதுக்கலாம். இங்கே மறக்கக்கூடாத ஒன்று: கேமராவை ஆர்த்தோகிராபிக் (தூரத்தால் அளவு மாறாத) நிலையில் வைத்துத்தான் பக்கக்கோட்டைப் பொருத்த வேண்டும். சிற்றோவியத்தில் லென்ஸ் தரும் தூரக்குறுக்கம் கிடையாது. சாதாரணக் கேமராவில் பொருத்திவிட்டுப் பிறகு 85 மி.மீ. லென்சுக்கு மாறினால் மூக்கும் காதும் இடம் மாறி நிற்கும். வடிவம் உறுதியான பிறகே 85 மி.மீ., ஒன்றரை மீட்டர் முதல் 2 மீட்டர் தூரம்.

அகலத்துக்கு வழி, ஒன்றல்ல, மூன்று தலைகள் செய்வது. கன்ன எலும்புகளுக்கிடையே 130, 135, 140 மி.மீ.; மூக்கின் அகலம் 36, 39, 42 மி.மீ.; கண்மணிகளுக்கிடையே மூன்றிலும் 64 மி.மீ. மூன்றையும் அருகருகே பார்த்தால், பக்கக்கோடு ஒன்றாகவே இருக்க, நேர்முகம் மூன்று வெவ்வேறு ஆட்களாகத் தெரியும். நிரப்பலின் அளவு எவ்வளவு என்று இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது. வெளியீட்டுக்கு நடுத்தலையை எடுக்கலாம், ஆனால் மற்ற இரண்டையும் அழித்துவிடக் கூடாது.

வயது ஒரு முடிவு. 1617 என்று வைத்தால் வான் டென் ப்ரூக் கண்ட அதே மனிதர் கிடைப்பார், வயது ஏறக்குறைய 69. அந்த வயதில் மூக்கு நுனி சற்றுத் தாழும், காது நீளும் (ஆண்டுக்குச் சராசரியாக 0.22 மி.மீ. என்று அளந்திருக்கிறார்கள்), நெற்றிப்பொட்டு குழியும், மேலிமை இறங்கும். கருவிகளில் கிடைக்கும் 'முதுமை' வரைபடங்கள் (வடிவத்தின்மேல் போர்த்தும் தோல் படங்கள்) பெரும்பாலும் வெளிர்தோல் முதியவர்களைப் படமெடுத்துச் செய்தவை. கண்ணோரத்தில் கசங்கிய தாள் மாதிரி நுண்சுருக்கங்கள் நிறைய வரும். மெலனின் நிறைந்த தோலில் வெயிலால் வரும் நுண்சுருக்கம் தாமதமாகவே தோன்றும். முதுமை அதிகமாகத் தெரிவது கன்னச் சதை இறங்குவதிலும், மூக்கிலிருந்து வாயோரம் போகும் மடிப்பு ஆழமாவதிலும். எனவே சுருக்க வரைபடத்தைப் பாதிக்குக் கீழே குறைத்துவிட்டு, சதையைக் கையால் இறக்குவதே சரி. கன்னத்தில் இரண்டொரு சிறு கரும் மருக்கள் வைக்கலாம், அந்த வயதில் கருந்தோலில் அவை சகஜம். வைத்தால் பட்டியலில் 'ஈ' என்று எழுதிவிடுங்கள்.

அந்தக் கண்கள்

'வெண்மையான கண்ணாடிக் கண்கள்' என்ற வரியில் மாட்டாதவர் குறைவு. சிலர் நீலக் கண் வைத்துவிடுகிறார்கள், சிலர் பேய்ப்படம்போல முழு வெள்ளையாக்குகிறார்கள். மூன்று வாசிப்புகள் நியாயமானவை. ஒன்று, கரிய முகத்தில் விழிவெண்மை பளிச்சிட்டதை அந்த வணிகர் அப்படி எழுதியிருக்கலாம். இரண்டு, முதியவர்களின் கருவிழி ஓரத்தில் படியும் சாம்பல்வெள்ளை வளையம். பழுப்புக் கண்ணில் அது நன்றாகத் தெரியும், சற்றுத் தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணே வெளுத்ததுபோல் இருக்கும். மூன்று, தொடக்கநிலைக் கண்புரை.

முதலிரண்டையும் சேர்த்து எடுப்பதே அறிவுடைமை. அடர்பழுப்புக் கருவிழி, ஓரத்தில் 1 மி.மீ. சாம்பல் வளையம், அதன் உள்விளிம்பு மங்கலாகவும் வெளிவிளிம்புக்கு முன் மெல்லிய தெளிந்த கோடும். விழிவெண்மையைத் தூய வெள்ளையாக்கக் கூடாது. வெயிலில் வாழ்ந்த முதியவருக்கு அது மஞ்சள் கலந்த தந்தநிறம், மூலைகளில் பழுப்புத் திட்டு. கண்புரையைத் தவிர்த்ததற்குக் காரணம் உண்டு: 1617க்குப் பிறகும் அவர் படை நடத்தினார், 1624இல் பட்வாடியில் முகலாய, பிஜாப்பூர்க் கூட்டுப் படையை முறியடித்தார்.

தோல்: சாம்பல் பூசிய பிழை

ஓவியத்தில் உள்ள நிறத்தைச் சொட்டுக்கருவியால் உறிஞ்சித் தோலுக்குப் பூசுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. மூன்று இடங்களில் அது ஏமாற்றும். தாள் 400 ஆண்டுகளில் மஞ்சளித்திருக்கும். சிற்றோவியங்களில் ஈயவெள்ளை கலந்த இடங்கள் கந்தகக் காற்றுப் பட்டுக் கறுப்பது வழக்கம், ஆகவே ஓவியன் வெளிச்சம் என்று வைத்த இடமே இன்று இருட்டாகத் தெரியலாம். மூன்றாவது அரசியல். ஜஹாங்கீரின் நினைவுக்குறிப்புகளில் அம்பர் பெயர் வரும்போது 'கரிமுகத்தான்' என்கிற மாதிரி வசையும் கூடவே வரும். அந்தப் பேரரசரை மகிழ்விக்க வரைந்த வெட்டுண்ட தலையின் கருமையை நிற அளவீடாக எடுத்துக்கொள்வது எப்படி? (அதே அரசவையின் முதமித் கான், அம்பர் இறந்தபின் அவரைப் போர்த்திறத்திலும் நிர்வாகத்திலும் நிகரற்றவர் என்று எழுதிவைத்ததும் இங்கே நினைவுக்கு வர வேண்டும்.)

எனவே ஒரு புள்ளி வேண்டாம், ஒரு வரம்பு எடுங்கள். பத்துப் படிகள் கொண்ட மங்க் தோல்நிற அளவுகோலில் 7 முதல் 9 வரை. ஆறே படிகள் கொண்ட ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோல் தோல் வெயிலில் கருகுவதை மதிப்பிட உருவானது, கருந்தோலின் வேறுபாடுகளைக் கடைசி இரண்டு படிகளில் அமுக்கிவிடும்.

பிறகு பொருளமைப்பு, அதாவது தோல் ஒளியை எப்படித் திருப்ப வேண்டும் என்று மென்பொருளுக்குச் சொல்வது. வெளிர்தோல் வரைபடத்தின் பிரகாசத்தைக் குறைத்தால் கருந்தோல் வராது, சாம்பல் அப்பிய முகம்தான் வரும். நிறத்தின் செம்மை, மஞ்சள் எல்லாம் சேர்ந்து செத்துவிடும். கருந்தோல் ஒரே நிறமும் அல்ல: கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் அடர்த்தி, கன்ன மேட்டில் செம்பழுப்பு, கீழுதட்டின் உட்புறம் இளஞ்சிவப்பு. தோலுக்குள் ஒளி பரவும் அளவை வெளிர்தோலுக்கு வைப்பதில் பாதிக்குக் கீழே குறையுங்கள். இல்லாவிட்டால் காதுமடலும் மூக்கோரமும் விளக்கு வைத்ததுபோல் சிவக்கும். மேற்பரப்பு மினுமினுப்புக்கு ஒளிவிலகல் எண் 1.4, இது எல்லாத் தோலுக்கும் ஒன்றே. ஆனால் கருந்தோலில் உள்ளிருந்து திரும்பும் ஒளி குறைவு என்பதால், முக வடிவத்தைக் கண்ணுக்குக் காட்டுவது பெரும்பாலும் இந்த மினுமினுப்புத்தான். அதைக் குறைத்தால் முகம் தட்டையாகும், கூட்டினால் எண்ணெய் பூசிய பொம்மையாகும். சொரசொரப்பு மதிப்பை நெற்றிக்கும் மூக்குக்கும் 0.35, கன்னத்துக்கு 0.5 என்று தொடங்கிக் கண்ணால் திருத்துவது நல்லது.

ஒளியமைப்பில் தனித் தலைவலி ஒன்று உண்டு. படங்களில் அம்பர் வெள்ளை மஸ்லின் ஜாமா (நீள அங்கி) அணிந்திருக்கிறார். வெள்ளைத் துணி 80 சதவீத ஒளியைத் திருப்பினால் அந்தத் தோல் 10 சதவீதம் அளவில் திருப்பும். எட்டு மடங்கு, அதாவது 3 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு). துணிக்கு அளந்து எடுத்தால் முகம் இருளில் மூழ்கும். முகத்துக்கு அளந்து, பக்கவாட்டில் அகலமான மென்னொளி, எதிர்ப்பக்கம் விளிம்பொளி வைத்து, துணியின்மேல் மட்டும் ஒளியை மறைப்பான் கொண்டு ஒரு ஸ்டாப் குறைத்தால் இரண்டும் பிழைக்கும்.

உருவாக்கக் கருவியைக் கடைசியில் கூப்பிடுங்கள்

படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவை முற்றாக ஒதுக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன முப்பரிமாண வடிவிலிருந்து எடுத்த படத்தைக் கொடுத்து, துணி மடிப்பு, தாடி மயிர், தோல் நுணுக்கம் ஆகியவற்றை மட்டும் மெருகேற்றச் சொல்லலாம். மாற்றும் வலிமையை 0.25 முதல் 0.35க்குள் வையுங்கள். 0.5ஐத் தாண்டினால் மூக்கு மாறிவிடும், ஆள் மாறிவிடுவார். ஆழ வரைபடத்தையும் விளிம்புக் கோட்டையும் கட்டுப்பாடாகச் சேர்த்துக் கொடுத்தாலும், முடிவில் பக்கக்கோட்டை அந்தப் பட்டையோடு மறுபடி ஒப்பிடாமல் விடக்கூடாது. மூன்றே படங்களை வைத்து அம்பருக்கென்று தனி மாதிரி பயிற்றுவிப்பதும் வீண்: அது தாளின் விரிசலையும் பொன்கரையையும் சேர்த்து மனப்பாடம் செய்துகொள்ளும்.

கருவி செய்யும் பிழைகள் ஒழுங்கானவை, முன்கூட்டியே சொல்லிவிடலாம். 'ஆப்பிரிக்கர்' என்றால் ஆப்பிரிக்கக் கொம்புப் பகுதியின் (எத்தியோப்பியாவும் சுற்றுப்புறமும்) முகவாகு மறைந்து, திரைப்படங்களில் பார்த்துப் பழகிய ஒரே அச்சு முகம் வரும். 'தக்காண ஆட்சியாளர்' என்றால் தோல் வெளுத்துத் தாடி நேராகி, ஜஹாங்கீரின் ஒன்றுவிட்ட சகோதரர் வருவார். 'போர்வீரர்' என்று சேர்த்தால் பல்லைக் கடித்த கோபம். வான் டென் ப்ரூக் சொன்ன கடுமைக்குப் புருவத்தை உட்பக்கம் மிக லேசாக இழுத்து, உதட்டை மூடினால் போதும்.

பொருள்களில் கால மயக்கம் கூடுதல். பட்டை தீட்டிய பிரில்லியன்ட் வைரம் அவர் இறந்த பிறகு வந்தது, அவர் காலத்துக் கற்கள் மழுக்கிய குமிழ் வடிவமோ தட்டை வெட்டோதான். பின்னணியில் வெள்ளைப் பளிங்கு வளைவுகள் வந்தால் அழித்துவிடுங்கள். தாஜ்மகால் பணி தொடங்கியதே 1632இல். தௌலதாபாத், கட்கி பக்கம் கிடைப்பது கருங்கல், பசால்ட். ஜாமாவின் முடிச்சு எந்தப் பக்கம் என்பதும் கவனம்: முஸ்லிம்கள் வலப்பக்கமும் இந்துக்கள் இடப்பக்கமும் கட்டும் வழக்கம் இருந்தது. படத்தை அழகுக்காகக் கிடைமட்டமாகப் புரட்டிவிட்டால் ஆளின் மதமே மாறிப்போகும். தலைப்பாகைக்கு ஓவியத்தில் உள்ள கட்டையே பின்பற்ற வேண்டும். இன்றைய திருமணச் சஃபாவைக் கருவி ஆசையாகத் தரும்.

பெயர்ப்பலகை

இந்தத் துறையில் தவறான முகம் ஒட்டிக்கொண்டால் பிரிப்பது கடினம். அங்கோலாவின் அரசி இன்ஜிங்கா 1663இல் இறந்தார். உலகம் முழுவதும் அவராகப் பரவியிருப்பது, 1830களில் பாரிசில் அஷீல் தெவேரியா கற்பனையில் வரைந்த கல்லச்சுப் படம். அவருடன் வாழ்ந்த கப்புச்சின் துறவி கவாட்சியின் கையெழுத்துப் படியில் நீர்வண்ணப் படங்கள் இருந்தும் அவை அறிஞர் வட்டத்தைத் தாண்டவில்லை. எக்ஸெட்டர் அருங்காட்சியகத்து 'ஆப்பிரிக்கர் ஒருவரின் உருவப்படம்' பல்லாண்டுகள், அடிமையாக இருந்து விடுதலை பெற்ற 18ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் ஒலவுடா எக்வியானோவாக நூல் அட்டைகளில் வலம் வந்தது, இன்று ஆய்வாளர்கள் அந்த அடையாளத்தை ஏற்பதில்லை.

ஆகவே படத்தோடு போகும் குறிப்பும் வேலையின் ஒரு பகுதி. அம்பருக்கு இப்படி எழுதலாம்: 'மாலிக் அம்பர், 1617ஆம் ஆண்டளவில், வயது சுமார் 69. கணினி மீளுருவாக்கம், புகைப்படம் அல்ல. மூக்கு, பக்கத்தோற்றம், உடல்கட்டு: சமகால ஓவியங்கள், டச்சு வணிகர் குறிப்பு. முக அகலம், இடவல வேறுபாடு, தோல் நுணுக்கம்: அனுமானம்.' இதைக் கோப்பின் உள்தகவலில் மட்டும் வைத்தால், வாட்ஸ்அப் ஒருமுறை அனுப்பியதும் உதிர்ந்துவிடும். படத்தின் கீழ்விளிம்பிலேயே, உயரத்தில் 6 சதவீதப் பட்டையாக அச்சிடுங்கள். பட்டைக்கும் தாடைக்கும் இடையே அதிக இடம் விட்டால் வெட்டி எறிந்துவிடுவார்கள். மார்புத் துணியின்மேல் கொஞ்சம் ஏறி நிற்கும்படி வைத்தால் வெட்ட மனம் வராது. தரப்பட்டியல், மூன்று அகலத் தலைகள், பக்கக்கோட்டுப் பட்டை மூன்றையும் ஒரே கோப்புறையில் போட்டு முகத்தோடு சேர்த்தே வெளியிடுங்கள். நாளை யாராவது நான்காவது ஓவியம் ஒன்றைக் கண்டெடுத்தால் எந்தக் கோட்டை நகர்த்துவது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.